பனை நட்ட பெருந்தகை டாக்டர் மகேந்திரலால் சர்க்கார்

தென்னையை நட்டவன் அதன் பயனை உண்டு மறைவான். பனையை நட்டவனோ அதைக் கண்ணால் கண்டு மறைவான் என்று நம் சிற்றூர்ப் பெரியோர் சொல்வதுண்டு. பனை மெல்ல வளரும் மரம். நட்டவன் கையாலேயே நுங்கு வெட்டி உண்பது அரிது. ஆயினும் ஏரிக்கரையிலும் வரப்போரத்திலும் பனங்கொட்டையை ஊன்றிச் செல்லும் வழக்கத்தை நம் முன்னோர் விட்டாரில்லை. கரை உடையாமல் நிற்க வேண்டுமே, பின்வரும் மக்கள் கூரை வேய வேண்டுமே என்னும் எண்ணமே அவர்களை அவ்வாறு செய்யத் தூண்டியது.

பொதுமக்களின் பொருளைக் கொண்டு நடத்தப்பெறும் ஆராய்ச்சிப் பணியும் பனை நடுவது போன்றதே. இன்று இட்ட பணத்துக்கு நாளையே பயன் காட்டு என்று அதனைக் கேட்டல் ஆகாது. அதற்காக, என்றோ ஒரு நாள் தானே பயன் தரும் என்று பேசாமல் இருந்துவிடுதலும் தகாது. நட்டவன் மறைந்த பின்னும் மரம் நிற்பதற்கு என்னென்ன செய்து வைக்க வேண்டும் என்பதே சிந்திக்கத்தக்கது. இவ்வினாவுக்கு விடையாகத் தம் வாழ்நாளையே அளித்துச் சென்றவர் ஒருவர் நாம் குடியேறி வாழும் இக்கல்கத்தா மாநகரிலேயே வாழ்ந்தார். அவர்தாம் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார். 2001-ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா என்று வழங்கப்பெறும் இந்நகரின் பழைய பெயரையே, அவர் காலத்தை ஒட்டி, இக்கட்டுரையில் ஆள்கிறோம்.

வங்காளத்து மருத்துவர் ஒருவரின் வரலாறு தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் இடம்பெறுவானேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அவர் நட்ட பனையின் முதல் நுங்கு தமிழர் ஒருவரின் கையில் விழுந்தது என்பதே அதற்கு மறுமொழி. அவ்வரலாற்றை முறையாகக் காண்போம்.

இளமையும் கல்வியும்

ஹௌரா மாவட்டத்தைச் சேர்ந்த பைக்பாரா என்னும் சிற்றூரில் 1833-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 2-ஆம் நாள் மகேந்திரலால் பிறந்தார். ஐந்தாவது வயதில் தந்தையை இழந்தார். ஒன்பதாவது வயதில் தாயையும் இழந்தார். கல்கத்தாவில் வாழ்ந்த தாய்மாமன்மாரே அவரை வளர்த்தனர். ஹேர் பள்ளியில் சம்பளமில்லா மாணவராகச் சேர்ந்து பயின்றார். பின்னர் உதவித்தொகை பெற்று 1849-இல் இந்துக் கல்லூரியில் புகுந்தார். இலக்கியமும் தத்துவமும் அங்குச் சிறப்பாகக் கற்பிக்கப்பெற்றன. அவர் உள்ளம் நாடிய விஞ்ஞானத்துக்கோ அங்கு இடமில்லை. ஆகவே, இயற்கையின் நெறிகளை முறையாகக் கற்கக் கிடைத்த ஒரே வாயில் என்று கருதி, மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கு அவர் இரண்டாம் ஆண்டு மாணவராய் இருந்தபோதே ஒளியியலில் அவருக்கிருந்த தெளிவைக் கண்டு வியந்த ஆசிரியர்கள், உடன் பயிலும் மாணவர்களுக்கு அப்பொருள் பற்றித் தொடர்ச் சொற்பொழிவுகள் ஆற்றுமாறு அவரைப் பணித்தனர். ஒளியைப் பற்றிப் பேசிய இவ்விளைஞர் பிற்காலத்தில் நிறுவிய கூடத்திலேயே ஒளியைப் பற்றிய பெருங்கண்டுபிடிப்பு ஒன்று நிகழவிருந்தது. 1860-இல் மருத்துவத் தேர்வில் தேறினார். 1863-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டத்தைப் பெற்றார். அப்பட்டத்தைப் பெற்றவருள் அவர் இரண்டாமவர் ஆவார்.

ஊர் ஒதுக்கியபோது

நகரின் முன்னணி மருத்துவருள் ஒருவராய் அவர் விரைவில் உயர்ந்தார். அக்காலத்தில் பரவி வந்த ஹோமியோபதி முறையை அவர் முதலில் கடுமையாக எதிர்த்தார். பின்னர் அம்முறை பற்றிய நூல் ஒன்றை மதிப்புரைக்காகப் படித்தார். ராஜேந்திர தத்தர் என்பவர் அம்முறையில் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிப்பதை நேரிற் கண்டு ஆராய்ந்தார். ஆராய்ந்த பின் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 1867-ஆம் ஆண்டு பிப்ரவரியில், மருத்துவர் சங்கக் கூட்டத்தில், தம் மனமாற்றத்தை வெளிப்படையாக அறிவித்தார். கூட்டத்தில் பெருங்கூச்சல் எழுந்தது. சங்கம் அவரை ஒதுக்கியது. நாள்தோறும் வாயிலில் நிறைந்திருந்த நோயாளர் கூட்டம் சில திங்கள் காணாமற் போயிற்று.

அம்மருத்துவ முறையின் கோட்பாடுகளை இன்றைய விஞ்ஞானம் ஏற்பதில்லை. அவ்வகையில் அவருடைய முடிவு நிலைபெறவில்லை என்றே கூற வேண்டும். ஆயினும், கண்ணால் கண்டு ஆராய்ந்ததாகத் தாம் நம்பிய ஒன்றை, பொருளும் புகழும் போவது கண்டும், மறைக்காமல் உரைத்த நேர்மையை நாம் குறைத்து மதிப்பிடல் ஆகாது. அறிஞர் குழாத்தின் வெறுப்புக்கு ஆளாகியும் ஆராய்ச்சியுரிமையை விட்டுக்கொடாத அவ்வுள்ளமே, இந்தியர் தாமே ஆராய்வதற்கு ஓர் இடம் வேண்டும் என்னும் எண்ணத்தையும் அவருள் வளர்த்தது. 1868-இல் அவர் கல்கத்தா மருத்துவ இதழ் என்னும் பொருள்படும் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். அதிலேயே, 1869-ஆம் ஆண்டு ஆகஸ்டு இதழில், இந்தியர் விஞ்ஞானத்தை வளர்ப்பதற்கு ஒரு தேசியக் கழகம் தேவை என்று வற்புறுத்தி எழுதினார்.

கழகத்தின் தோற்றம்

1870-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள், ஹிந்து பேட்ரியட் பத்திரிகையில் அவருடைய வேண்டுகோள் வெளிவந்தது. லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனும் பிரிட்டிஷ் அசோசியேஷனும் செய்யும் பணிகளை ஒருங்கே செய்யும் நிலையம் ஒன்று கல்கத்தாவில் அமைய வேண்டும் என்பதும், அதன் நிர்வாகம் முற்றிலும் இந்தியர் கையிலேயே இருக்க வேண்டும் என்பதும் அதன் சாரம். பொதுமக்களுக்கு விஞ்ஞானத்தை எடுத்துரைப்பது ஒரு கடமை. மாணவரைப் பயிற்றிப் புதியன காணச் செய்வது மற்றொரு கடமை. இரண்டாவதுதான் அவருடைய உள்ளக்கிடக்கை.

உத்தர்பாராவைச் சேர்ந்த ஜயகிருஷ்ண முகர்ஜி ஆயிரம் ரூபாய் அளித்து நன்கொடைப் பட்டியலைத் தொடங்கி வைத்தார். ஈசுவர சந்திர வித்தியாசாகரர் போன்ற பெரியோர் துணை நின்றனர். வங்க இலக்கியத்தின் தலைமகனாகிய பங்கிம் சந்திரர் தம் வங்கதர்சன் இதழில் இம்முயற்சியை ஆதரித்து எழுதினார். எனினும் பணம் எளிதில் சேரவில்லை. திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் அள்ளி வழங்கிய செல்வர்கள், கண்ணுக்குத் தெரியாத பயனை உடைய இப்பணிக்குக் கொடுக்கத் தயங்கினர். வீடு வீடாகச் சென்று கேட்பதும், கொடுப்பதாகச் சொன்னவரை நினைவூட்டுவதுமாக ஆறு ஆண்டுகள் கழிந்தன. நன்கொடைப் புத்தகத்தை ஏந்தி நம் காலனி வாயில்தோறும் ஏறி இறங்கிய சங்கத் தொண்டர்கள், அந்த ஆறு ஆண்டுகளின் அருமையை நன்கு உணர்வர்.

இதனிடையே மற்றொரு தடை தோன்றியது. நாட்டின் வறுமையைப் போக்கத் தொழிற்பள்ளியே தேவை. தூய விஞ்ஞானம் இப்போது எதற்கு என்று இந்தியன் லீக் என்னும் அமைப்பினர் வாதிட்டனர். அவ்வாதத்திலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. பசித்தவனுக்கு முதலில் சோறு வேண்டும் என்பதை யார் மறுப்பார்? ஆனால் செயின்ட் சேவியர் கல்லூரியில் பௌதிகம் கற்பித்த பெல்ஜிய நாட்டுப் பாதிரியார் லாஃபோன் என்பவர் மகேந்திரலாலின் பக்கம் நின்றார். பிறர் கண்டறிந்தவற்றைக் கையாளும் தொழிலாளரை மட்டும் ஆக்கினால், அந்நாடு என்றும் பிறர் கையை எதிர்பார்த்தே நிற்கும் என்பது அவர் கருத்து. வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னராய் இருந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் இருபுறத்து வாதங்களையும் கேட்டுக் கழகத்துக்கு ஆதரவளித்தார்.

முடிவில், 1876-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், பவ்பஜார் வீதி 210-ஆம் எண் இல்லத்தில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பெற்றது. அரசின் நல்லெண்ணத்தை அவர் ஏற்றார். ஆட்சியை மட்டும் கழகத்தாரிடமே வைத்துக்கொண்டார். ஆளுநர்கள் மாறுவர், அவர்தம் விருப்பும் மாறும். கழகத்தின் நோக்கமோ மாறலாகாது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

இருபத்தேழு ஆண்டு உழைப்பு

கழகத்தில் மாலை வேளைகளில் சொற்பொழிவுகள் நிகழ்ந்தன. மகேந்திரலால் தாமே பௌதிகம் பற்றி உரையாற்றினார். லாஃபோன் பாதிரியார் கருவிகளை இயக்கிக் காட்டி ஒலி, ஒளி, மின்சாரம் முதலியவற்றை விளக்கினார். ஜகதீச சந்திர போஸும் சில காலம் அங்கு விரிவுரை ஆற்றினார். கணிதம் பற்றி உரையாற்ற வந்தார் இளைஞர் ஒருவர். அவரே பிற்காலத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராய் விளங்கிய ஆசுதோஷ் முகர்ஜி. இவர்களெல்லாம் ஊதியம் கருதாமல் உழைத்தவர்கள்.

கட்டடமும் கருவிகளும் நாளடைவில் பெருகின. காளி கிருஷ்ண தாகூர் கருவிகள் வாங்கப் பெருந்தொகை ஈந்தார். அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த விஜயநகரம் சமஸ்தானத்தின் மகாராஜா 40,000 ரூபாய் வழங்க, அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சிச் சாலை எழுந்தது. தென்னாட்டுச் செல்வம் வடநாட்டு அறிவுக்கோயிலுக்குக் கல்லும் சுண்ணமும் ஆயிற்று என்பது நாம் நினைந்து மகிழ்தற்குரியது.

மகேந்திரலாலின் தொண்டு கழகத்தோடு நின்றுவிடவில்லை. 1883-இல் சி.ஐ.இ. விருதும், 1887-இல் கல்கத்தாவின் ஷெரீப் பதவியும், 1898-இல் பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டமும் அவரை நாடி வந்தன. தேவகரில் தொழுநோயாளர் இல்லம் ஒன்று அமையப் பொருளுதவி செய்து, அதற்குத் தம் மனைவியார் ராஜகுமாரியின் பெயர் விளங்கச் செய்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவடைத்திருந்த காலத்தில், அபலா தாஸ் என்னும் மங்கை மருத்துவம் பயிலச் சென்னைக்குச் செல்லத் துணை நின்றவருள் அவரும் ஒருவர். அவ்வம்மையாரே பின்னர் ஜகதீச சந்திர போஸின் இல்லத்தரசியார் ஆனார். 1885-இல் ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சர் தொண்டை நோயுற்றபோது சிகிச்சை அளித்தவரும் மகேந்திரலாலே. பகுத்தறிவு வாதத்தை விடாத மருத்துவரும் பக்திப் பெருக்கெடுத்த துறவியும் மணிக்கணக்கில் உரையாடிக்கொண்டிருப்பர் என்றும், கொள்கை வேறுபாடு அவர்தம் அன்பைக் குறைக்கவில்லை என்றும் அறிகிறோம்.

நிறைவேறாத ஆசை

இத்தனை பெருமைகளுக்கும் இடையே அவர் உள்ளத்தை ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. கட்டடம் இருந்தது; கருவிகள் இருந்தன; மண்டபத்தில் மாலைதோறும் விளக்கெரிந்தது. ஆனால் முழுநேரமும் அங்கேயே தங்கி ஆராயும் அறிஞர் இல்லை. ஆராய்ச்சியாளர் ஒருவர் கவலையின்றி வாழ வேண்டுமானால், ஆண்டுதோறும் ஊதியம் தருதற்குரிய நிலையான நிதி வேண்டும். பேராசிரியர் பதவிகளுக்கு உரிய அறக்கட்டளைகளை அமைத்துத் தாருங்கள் என்று ஆண்டுக் கூட்டந்தோறும் அவர் வேண்டினார். செல்வர் கேட்டனர், தலையசைத்தனர், சென்றனர். சுவரில் பெயர் பொறிக்கப்படும் என்றால் கட்டடத்துக்குக் கொடுப்பார் உண்டு. பெயர் தெரியாத இளைஞன் ஒருவனுடைய பத்தாண்டு உணவுக்குக் கொடுப்பார் அரியர். இவ்வியல்பு அக்காலத்துக்கு மட்டும் உரியதன்று.

சொற்பொழிவு கேட்டவர்கள் தேர்வில் தேறி வேலைக்குச் சென்றனர். கால் நூற்றாண்டு கடந்தது. கழகத்திலிருந்து உலகறிந்த ஆராய்ச்சி எதுவும் வெளிவரவில்லை. நோயுற்றுத் தளர்ந்த மகேந்திரலால் தம் இறுதி ஆண்டுகளில், தம் முயற்சி தோல்வியுற்றது என்றே கருதி வருந்தினார். மருத்துவத் தொழிலிலேயே முழுநேரமும் ஈடுபட்டிருந்தால் தாமே பொருள் ஈட்டி நிதியை அமைத்திருக்கலாமே என்று கூட அவர் எண்ணியதுண்டு. பின்வரும் இளைஞரேனும் இதனை நிறைவேற்றட்டும் என்னும் ஏக்கத்தோடு, 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் அவர் கண் மூடினார்.

அன்று யாரேனும் கணக்குப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பர்? இருபத்தேழு ஆண்டுகள், பொதுமக்கள் பணம் இவ்வளவு, கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை என்றுதானே எழுதியிருப்பர்? அந்தக் கணக்கு பிழையற்ற கணக்காகவே இருந்திருக்கும். ஆனால் அது முடிந்த கணக்கன்று.

கதவு திறந்தது

மகேந்திரலால் மறைந்த அதே 1904-ஆம் ஆண்டில், சென்னை மாநிலக் கல்லூரியில் பதினைந்து வயதுச் சிறுவர் ஒருவர் பௌதிகத்தில் முதன்மை பெற்று பி.ஏ. தேறினார். திருச்சிராப்பள்ளியில் பிறந்து விசாகப்பட்டினத்தில் வளர்ந்த அவரே சந்திரசேகர வேங்கட ராமன். ஆராய்ச்சியில் பேரார்வம் இருந்தும் அதற்கேற்ற பதவி நாட்டில் இல்லாமையால், நிதித்துறைத் தேர்வெழுதி, 1907-ஆம் ஆண்டு உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகக் கல்கத்தா வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

ஒரு நாள் டிராம் வண்டியில் பவ்பஜார் வழியே செல்கையில் கழகத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. வண்டியை விட்டு இறங்கிச் சென்று கதவைத் தட்டினார். ஆசுதோஷ் தே என்னும் உதவியாளர் கதவைத் திறந்தார். உள்ளே அமிர்தலால் சர்க்கார் இருந்தார். தந்தைக்குப் பின் கழகத்தின் செயலாளராய்ப் பொறுப்பேற்றிருந்த மகேந்திரலாலின் மைந்தர் அவர். ஆராய்ச்சி செய்ய இடம் கிடைக்குமா என்று கேட்ட தென்னாட்டு இளைஞரை அவர் அன்போடு தழுவி வரவேற்றார் என்பர். தந்தை எதிர்பார்த்துக் காத்திருந்தவர், அவர் மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பின், தாமே வாயிலில் வந்து நின்றார்.

ராமன் விடியற்காலையில் கழகத்துக்குச் செல்வார், பின்னர் அலுவலகம், மாலையில் மீண்டும் கழகம், இரவு நெடுநேரம் ஆராய்ச்சி. அலுவலகத்து ஊதியம் அவருக்குச் சோறிட்டது. மகேந்திரலாலின் கூடம் அவருக்குக் கருவி தந்தது. கதவு திறந்த ஆசு பாபுவே பல ஆண்டுகள் அவருக்கு ஆராய்ச்சித் துணைவராய் இருந்தார்.

இங்கு மற்றோர் இழையும் வந்து சேர்கிறது. கழகத்தில் முன்னர்க் கணித விரிவுரை ஆற்றிய ஆசுதோஷ் முகர்ஜி, துணைவேந்தரானதும், மகேந்திரலாலுக்குக் கைகூடாத செயலைப் பல்கலைக்கழகத்தில் கைகூடச் செய்தார். தாரக்நாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் ஆகிய வழக்கறிஞர் இருவரின் பெருங்கொடையைக் கொண்டு விஞ்ஞானப் பேராசிரியர் பதவிகளை நிறுவினார். 1917-இல் பாலித் பேராசிரியர் பதவியை ஏற்கும் பொருட்டு, ராமன் அதிக ஊதியம் தந்த அரசாங்கப் பதவியைத் துறந்தார். ஆயினும் ஆராய்ச்சியைப் பவ்பஜார் கூடத்திலும் தொடர்ந்தே நடத்தினார். 1919-இல் அமிர்தலால் மறைந்தபின் கழகத்தின் செயலாளர் பொறுப்பும் ராமனைச் சேர்ந்தது.

தென்னாட்டிலிருந்து இளைஞர் பலர் அவரை நாடி வந்தனர். கே. ஆர். ராமநாதன் வந்தார். வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன் வந்தார். திரவங்களின் வழியே ஒளி சிதறும்போது, அவ்வொளியின் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வெளிப்படுவதை ராமனும் கிருஷ்ணனும் அக்கூடத்திலேயே கண்டறிந்தனர். ஒளி மூலக்கூற்றின்மீது பட்டுச் சிதறுங்கால் தன் ஆற்றலில் ஒரு பகுதியை அதற்கு ஈவதோ, அதனிடமிருந்து பெறுவதோ உண்டு. நிறமாற்றம் அதனால் நிகழ்வது. மூலக்கூற்றின் அமைப்பை அறிய இதுவே சிறந்த கருவியாயிற்று. 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் ராமன் விளைவு உறுதிப்பட்டது. 1930-இல் நோபெல் பரிசு வந்தது. மகேந்திரலால் மறைந்த நாளுக்கும் இந்நாளுக்கும் இடையே ஐந்து நாளும் இருபத்து நான்கு ஆண்டும் உள்ளன. 1987 முதல் இந்நாளை நாடு முழுவதும் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடி வருகிறோம்.

மரம் நின்ற விதம்

ராமன் 1933-இல் பெங்களூர் சென்றார். ஒரு பேரறிஞரை மட்டும் நம்பி நின்ற நிலையமாயின், அவர் நீங்கியதும் அது விளக்கணைந்த வீடாய்ப் போயிருக்கும். கழகம் அவ்வாறு போகவில்லை. மகேந்திரலால் இறுதிவரை கேட்டுக் கேட்டுப் பெறாமற்போன பேராசிரியர் பதவி அவர் பெயராலேயே அமைந்தது. அப்பதவியில் முதன்முதல் அமர்ந்தவர் நம் கிருஷ்ணனே. பிறகு அவர் அலகாபாத்துக்கும், 1947-இல் தில்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராகவும் சென்றார். மேகநாத் சாஹாவின் முயற்சியால் கழகம் ஜாதவ்பூரில் விரிந்த இடத்துக்குக் குடிபெயர்ந்தது. இன்று அரசின் நிதியால் நடைபெறும் பெரும் ஆராய்ச்சி நிலையங்களுள் ஒன்றாக, ஒன்றரை நூற்றாண்டைத் தழுவி அது நிற்கிறது.

அது நின்றதற்குக் காரணங்கள் யாவை? நான்கினைச் சுருக்கமாகக் கூறலாம். முதலாவது, நோக்கத்தை எழுத்தில் தெளிவாக வகுத்து, நிர்வாகத்தைத் தனியொருவர் விருப்பத்துக்கு விடாமல் கழகத்தாரிடம் ஒப்படைத்தமை. இரண்டாவது, ஆராய்வோர் வராத காலத்திலும் கருவிகளைப் பேணி, பலகையை இறக்காமல், கதவைத் திறந்தே வைத்தமை. மூன்றாவது, தமக்குப்பின் பொறுப்பேற்க ஒருவரை ஆயத்தம் செய்தமை. நான்காவது, வந்தவன் எந்த ஊரான், என்ன மொழியினன் என்று பாராமல் தகுதியை மட்டும் பார்த்து ஏற்றமை. இந்நான்கும் மகேந்திரலால் இட்டுச் சென்ற உரம். அவருக்குக் குறையாய் நின்றது ஒன்றே. ஆள் வாழ்வதற்குரிய நிலைநிதி. அக்குறை ஒன்றினாலேயே பயன் ஒரு தலைமுறை தாழ்ந்தது என்பதையும் நாம் மறத்தல் கூடாது. நிதித்துறையில் ராமனுக்கு வேலை கிடைத்ததும், அவ்வேலை அவரைக் கல்கத்தாவில் சேர்த்ததும் நற்பேறு. நற்பேற்றைத் திட்டமாகக் கொள்ளலாகாது.

இன்று ஆராய்ச்சிக்கு அரசு வழங்கும் பணம் பெரும்பாலும் மூன்றாண்டு, ஐந்தாண்டு என்னும் கால வரையறையோடு வருகிறது. காலம் முடிந்ததும் பயிற்சி பெற்ற இளைஞர் வேறு வேலை தேடிப் போய்விடுவதும், கருவிகள் உறையிட்டு மூலையில் கிடப்பதும், சேர்த்த குறிப்புகள் பெட்டியில் உறங்குவதும் உண்டு. அப்பணம் நம் ஒவ்வொருவரின் வரிப்பணம். விண்ணப்பம் எழுதும் நாளிலேயே, திட்டம் முடிந்த மறுநாள் கருவியை யார் பேணுவார், குறிப்புகள் யாருக்குக் கிடைக்கும், பயின்ற இளைஞர் எங்கே அமர்வார் என்று கேட்டுப் பதில் எழுதி வைத்தால், எத்தனையோ பனங்கன்றுகள் வாடாமல் பிழைக்கும்.

அன்பர்களே! பிழைப்பைத் தேடி இந்நகருக்கு வந்தவர் நாம். லேக் மார்க்கெட்டை அடுத்த வீதிகளில் காப்பிக்கொட்டை மணம் கமழத் தொடங்கிய நாள் முதலாக, இங்கே நமக்கென்று பள்ளியும் கோயிலும் சங்கமும் நூலகமும் அமைத்தோர் பலர். அவர்களுள் பலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் வைத்துச் சென்ற அலமாரியிலிருந்துதான் நம் குழந்தைகள் தமிழ் நூலை எடுத்துப் படிக்கின்றன. எந்தக் குழந்தை எந்த நூலால் எந்த நிலைக்கு உயரும் என்று நமக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் அலமாரியைத் துடைத்து, கதவைத் திறந்து வைக்கும் கடமை நம்முடையது.

அடுத்த முறை பவ்பஜார் வழியாகச் செல்லும் அன்பர்கள் ஒரு கணம் நின்று அப்பெருந்தகையை நினைப்பார்களாக. பழைய கூடம் இன்று அங்கு இல்லை. வீதியின் பெயரும் மாறிவிட்டது. தோற்றோம் என்று எண்ணி மறைந்த ஒரு மருத்துவர் விட்டுச் சென்ற கதவை, முன்பின் அறியாத ஒரு தமிழ் இளைஞர் தட்டிய இடம் அது. குழந்தைகள் உடன் வந்தால், அவர்களிடம் ராமனின் பெயரோடு மகேந்திரலாலின் பெயரையும் சேர்த்துச் சொல்வோமாக.